வயரிங் சரியில்லை

அந்த இன்சூரன்ஸ்காரர் வாசலில் நுழைந்தபோதே எலக்ட்ரீஷியனுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ஒரு வணக்கம் கிடையாது, சிரிப்பு கிடையாது. நேரே டார்ச்சை எடுத்து உத்தரத்தில் அடித்தார்.

பழைய காலத்து வீடு. மரப்படி, மரத்தளம், மர உத்தரம். தெருவே அப்படித்தான். பாரம்பரியத் தெரு என்று முனையில் பலகை நட்டிருக்கிறார்கள். இடிக்கக் கூடாது. மாடி எழுப்பக் கூடாது. ஜன்னலுக்கு வேறு நிறம் அடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்து ஆகா ஓகோ என்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பது மட்டும் குடியிருப்பவர்கள்.

வீட்டுக்காரம்மா தபால் ஆபீசில் இருந்து ரிட்டயரானவர். கணவர் போய்விட்டார், பிள்ளை இல்லை. தங்கை மகன்தான் எல்லாம். வீட்டை அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இருக்கிறவரை இருந்துகொள்கிறேன் என்று இருக்கிறார். இன்சூரன்ஸ் எடுப்பதும் அவன் யோசனைதான்.

"பெரியம்மா தனியா இருக்காங்க சார். எல்லாம் மரம். பத்திக்கிச்சுன்னா? நினைச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லை."

"எனக்கு வருதுடா. மாத்திரையைப் போட்டுட்டா இடி விழுந்தாலும் தெரியாது" என்று வீட்டுக்காரம்மா சிரித்தார்.

"அதுதான் பெரியம்மா என் பயமே."

இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று எலக்ட்ரீஷியன் நினைத்துக்கொண்டார். அவர் பெற்றது போனை எடுத்தாலே பெரிய விஷயம்.

"போர்டைக் கழட்டுங்க" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

எலக்ட்ரீஷியன் கழற்றிக் காட்டினார். போன மாதம்தான் வீடு முழுக்கப் பழைய வயரை உருவிவிட்டுப் புதிது இழுத்திருந்தார். பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுவார் என்று நின்றார். சொல்லவில்லை. டார்ச் கூடத்துச் சுவருக்குப் போய்விட்டது. அங்கே வெளுத்துப்போன இரண்டு தடங்கள்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"கடிகாரமும் எங்க அப்பா போட்டோவும். கீழே ஒரு தேக்கு அலமாரி" என்றார் வீட்டுக்காரம்மா. "பாலிஷ் போடணும்னு இவன் எடுத்துட்டுப் போயிருக்கான்."

"அதையும் மதிப்புல சேர்த்துக்குங்க சார். எப்படியும் திரும்பி வந்துடும்" என்றான் அவன். "அப்புறம் ஒரு சந்தேகம். பாதி எரிஞ்சா பாதிப் பணம்தான் தருவீங்களா?"

"ஆமா."

"முழுசா எரிஞ்சா?"

"முழுசாத் தருவோம்."

"பார்த்தீங்களா, சின்ன வயசுல இருந்தே எதையும் தீர விசாரிச்சுடுவான்." வீட்டுக்காரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்சூரன்ஸ்காரர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார்.

"பாலிசி தர முடியாது. வயரிங் சரியில்லை."

பையன் முகம் தொங்கிவிட்டது. எலக்ட்ரீஷியனுக்குக் காது சூடேறியது.

"எது சார் சரியில்லை? காட்டுங்க."

"காட்டிக்கிட்டு நிக்க நேரமில்லை. வேற கம்பெனிக்குப் போனாலும் என் ரிப்போர்ட்டைத்தான் கேப்பாங்க. அலைய வேண்டாம்."

வீட்டுக்காரம்மா எழுந்தே விட்டார்.

"காலம் பூரா கவுன்டர்ல உட்கார்ந்தவ நான். உங்களை மாதிரி ஆளுங்களை நிறையப் பார்த்திருக்கேன். மேசைக்கு அடியில கை நீட்டுற ரகம். என்ன வேணும்னு நேரா கேட்டுடுங்களேன்."

இன்சூரன்ஸ்காரர் பையை எடுத்துக்கொண்டார். இறங்கிப் போய்விட்டார்.

ஸ்க்ரூடிரைவரும் கையுமாக எலக்ட்ரீஷியன் பின்னாலேயே ஓடினார்.

"நில்லுங்க சார். இந்தத் தெருவுல பாதி வீட்டு வேலை நம்மளுது. நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிட்டா நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? எந்த வயர் சரியில்லை?"

"எதுவும் இல்லை. இந்தத் தெருவுலயே உருப்படியான வயரிங் அதுதான்."

"அப்புறம் என்ன எழவுக்கு அப்படிச் சொன்னீங்க?"

இன்சூரன்ஸ்காரர் ஸ்கூட்டரில் பையை மாட்டினார்.

"நிக்கிற வீட்டை இடிக்க விட மாட்டாங்க. எரிஞ்சு சாம்பலாப் போச்சுன்னா இடிக்கிற வேலையே இல்லை. காலி மனை. என்ன வேணும்னாலும் கட்டிக்கலாம். கட்டுறதுக்குக் காசு எங்க கம்பெனி தரும்."

எலக்ட்ரீஷியன் திரும்பி அந்த வீட்டைப் பார்த்தார்.

"பயந்தவன் எரியாம இருக்க என்ன பண்ணணும்னு கேப்பான். இவன் கேட்டானா? போட்டோவுக்குப் பாலிஷாம்."

"ஐயோ, அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டாமா சார்?"

"போய்ச் சொல்லிப் பாருங்க. உங்களைத்தான் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவாங்க. கையில என்ன ஆதாரம் இருக்கு? உங்க வேலையைக் குறை சொன்னது தப்புதான். சட்டுனு வேற காரணம் கிடைக்கலை."

உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் தெருவரைக்கும் வந்தது.

"விடுடா கண்ணா. அந்த லஞ்சம் பிடிச்ச மூஞ்சிக்கெல்லாம் நீ வருத்தப்படலாமா? வா, சாப்பிடு."

எலக்ட்ரீஷியனுக்குத்தான் கூச்சமாக இருந்தது. இன்சூரன்ஸ்காரர் ஸ்கூட்டரை உதைத்தார்.

"திட்டட்டும். திட்டிட்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டு நிம்மதியாத் தூங்கட்டும். இன்சூரன்ஸ் இல்லாத வீடு தானா எரியாது."