பதினேழு மணி நேரம்

“ஃப்ளைட்டுல பதினாலாயிரம் கிலோமீட்டர். நடுவுல எங்கேயும் இறங்காம பதினேழு மணி நேரம். வெளிநாட்டுல நின்னுபோன நம்ம கம்பெனி மெஷினை ரிப்பேர் பண்ண யார் போறீங்க?” என்று மேனேஜர் கேட்டதும் மெக்கானிக்குகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

“நான் போறேன் சார்!” என்று ஒருவன் மட்டும் துள்ளி எழுந்தான்.

“வழியில இறங்கி, ரெஸ்ட் எடுத்துட்டுப் போற மாதிரி டிக்கெட் போடட்டுமா?”

“ஐயோ, இறங்கவே வேண்டாம் சார். ஒரே மூச்சா போயிடறேன்.”

“நல்லா காக்கா பிடிக்கிறான்யா. அடுத்த சூப்பர்வைசர் இவன்தான்” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

விமானத்தில் உட்கார்ந்ததும் அவன் கண்ணில் கறுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டான். பணிப்பெண்ணிடம், “சாப்பாட்டுக்கு எழுப்பாதீங்க. விமானமே விழுந்தாலும் எழுப்பாதீங்க” என்றான்.

“அவ்வளவு அசதியா சார்?”

“வீட்டுல இரட்டைக் குழந்தைங்க மேடம். ஒண்ணு தூங்கினா ஒண்ணு முழிச்சுக்கும். நான் கண்ணை மூடி மூணு மாசமாச்சு. மாமியார் கையில ஒப்படைச்சிட்டு ஓடி வந்துட்டேன்.”

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. காதருகே பழக்கப்பட்ட ஸ்ருதியில் ஓர் அலறல். பட்டையை விலக்கிப் பார்த்தான். பக்கத்து சீட்டில் ஒரு பெண், தோளுக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகள்.

“அண்ணா, இவனை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கறீங்களா? எங்க வீட்டுக்காரர் பின் சீட்டுல அதுக்குள்ள குறட்டை விடறார்.”

அவன் கை தானாக நீண்டது. தோளில் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டினான். குழந்தை கப்சிப்.

“அட, பழகின கை!” என்று அவள் மற்றதையும் அவன் மடியில் வைத்தாள். “அந்தக் கண்பட்டை இனிமே உங்களுக்குத் தேவைப்படாதுல்லண்ணா?”