பதினோராவது வரி

பத்மாசினியின் பேனா எட்டாவது வரியில் நின்றுவிட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் அவள் புருசன் ஆழ்வாப்பிள்ளை, உடுத்த சாரத்தோடு வெறும் மேலாய் வாங்குப் பலகையில் இருந்து, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. கப்பல் கம்பனிக்குப் போகிற விண்ணப்பம் அல்லவா.

பக்கத்தில் சந்தியோகு கொடுத்துவிட்டுப் போன மாதிரித்தாள் கிடந்தது. மூன்று வருடம் கப்பலில் ஓடியவன். லீவில் வந்து நின்ற பத்து நாளும் ஊர் முழுக்க உபதேசம் செய்துவிட்டு நேற்றுத்தான் திரும்பிப் போனான். கம்பனிக்காரன் பார்க்க ஆசைப்படுவதை மட்டும் எழுத வேண்டுமாம். உங்கள் வீட்டுப் புராணம் அவனுக்கு எதற்கு என்று கேட்டான். பத்தே வரி போதும், பத்திலும் அவன் மனம் குளிர வேண்டும்.

முதல் ஏழும் சுகமாக வந்தன. வலை, இயந்திரம், நீச்சல், காற்றைப் பார்த்துத் திசை சொல்லுதல். ஒன்றும் பொய்யில்லை. கள்ளைத் தொடமாட்டான் என்பதும் மெய்தான்.

எட்டாவது, உடம்புச் சுகம்.

அவளுக்குப் பயம் பிடித்தது. மாசியில் புருசனின் தமையன் கனகலிங்கம் காய்ச்சலில் கண்ணை மூடிய அன்று வந்த பயம் அது. அண்ணனும் தம்பியும் ஒன்பது வருடம் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். அதன்பிறகு கரையில் ஒருவரும் இவனைத் தங்கள் வள்ளத்தில் ஏற்றவில்லை. ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். இவன் வீட்டோடு இருந்து, பொத்திய வலையையே திரும்பப் பொத்திக்கொண்டிருந்தான்.

கப்பல் கிடைத்தால் நிமிர்ந்து நடப்பான். கிடைத்தால் நடுக்கடலில், முகம் தெரியாத ஆட்களுக்கு நடுவில் தனியாக நிற்பான். இரண்டையும் மாறி மாறி நினைத்தாள்.

"ஒன்பது வருசமாக் கடலுக்குப் போறன், ஒருக்காலும் தண்ணிக்குள்ளை விழேல்லை எண்டு எழுது."

எழுதினாள். அதுவும் உண்மைதான்.

மளமளவென்று மிச்சத்தையும் எழுதி முடித்து, தமிழில் வாசித்துக் காட்டினாள். ஆழ்வாப்பிள்ளை சிரித்தான். மாசிக்குப் பிறகு அவள் பார்த்த முதல் சிரிப்பு. அடியில் தமிழில் தன் பெயரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்து வைத்தான்.

பிறகு தாளில் விரலை வைத்து எண்ணினான். மீன் எண்ணிப் பழகிய விரல், தவறாது. மாதிரித்தாளில் பத்து. இதில் பதினொன்று.

அவள் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒரு வரி கூடக் கிடக்குது?"

"அது உங்கடை அண்ணையைப் பற்றியப்பா."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணையின் கதை கப்பல் கம்பனிவரை போகிறதே என்று நினைத்திருப்பான்.

அவள் தாளை மடித்து உறைக்குள் வைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள். பெருவிரலால் அழுத்தினாள். ஒட்டிய பிறகும் அழுத்திக்கொண்டே நின்றாள்.

ஆழ்வாப்பிள்ளை சட்டையைப் போட்டான். இடுப்பைச் சுற்றிக் கறுத்துக் காய்த்துப்போயிருந்த தழும்பு சட்டைக்குள் மறைந்தது. தபாற்கந்தோர் பூட்ட முதல் போகவேண்டும் என்று உறையோடு சைக்கிளில் பாய்ந்து ஏறினான்.

வாசல் படலைவரை ஓடினாள். படலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் தலை மறையும்வரை பயத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசித்துக் காட்டாத பதினோராவது வரியில் அவள் எழுதியிருந்தது இதுதான்: இவருக்கு வலிப்பு வரும், ஒன்பது வருடமும் இவருடைய அண்ணன் இவர் இடுப்பையும் தன் இடுப்பையும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போனார்.