மதகையும் சேர்த்த வழக்கு

மேலே தண்ணீரை அடைத்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதது போல் நிற்கிறாயே மதகே, இந்த வினையெல்லாம் உன்னால்தான்.

குட்டை வற்றிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த கலங்கல் நீரில் தவளையின் தலைப்பிரட்டைகள் துடித்தன. தண்ணீர் விடவில்லை என்று தவளை நகராட்சி வாய்க்கால் மீது வழக்குப் போட்டது. நீதிபதி ஆமை.

"எனக்கே தொண்டை வறண்டு கிடக்குது," என்றது வாய்க்கால். "அரசாங்க மதகு விட்டால்தானே நான் தர முடியும்?"

"மதகு இந்த வழக்கில் இல்லையே," என்றது ஆமை. "இல்லாதவருக்கு எப்படி உத்தரவு போட? இதை வாபஸ் வாங்கிக்கொண்டு புதுசாக ஒன்று போடம்மா."

தவளைக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்கள் நடைக்குப் புது வழக்கு நகர்ந்து வருவதற்குள் என் பிள்ளைகள் கருவாடாகிவிடும் ஐயா. இதிலேயே மதகையும் சேருங்கள். இதற்குக் குறைந்து எதற்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்."

ஆமை வாய்க்காலைப் பார்த்தது. "உனக்கு ஆட்சேபணை உண்டா?"

"எனக்கா? அந்தம்மா கேட்காவிட்டால் நானே கேட்டிருப்பேன். சாட்சியும் சொல்கிறேன்."

ஆமை சிரித்துக்கொண்டே மதகின் பெயரையும் சேர்த்தது.

சம்மன் உன் கதவிலேயே ஒட்டியாகிவிட்டது, மதகே. பிள்ளைகள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். வாய்தா கேட்காமல் கதவைத் தூக்கு.