உயிருடன் இருக்கையில் நிறம்

ஜெகதீஷ் பிரேசிலிலிருந்து கூப்பிட்டபோது ரெனிதா மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை ஓரத்தில் வைத்தாள். கை நிற்கவில்லை.

கூடத்துத் தரையில் மாமியார் ஜெயகுமாரி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சர்ச்சுக்குக் கட்டிப்போன புடவையை இன்னும் மாற்றவில்லை.

"அண்ணி, பேப்பர் முடிஞ்சிடுச்சு. ஒரே ஒரு இடம்தான் காலியா இருக்கு."

பேப்பர் என்றது ஒரு மீனைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையை. அமேசானில் போய்க் கலக்கும் ஒரு சிற்றாற்றில் ரெனிதாவின் கணவன் பிராங்க் பிடித்த கெளுத்தி. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். கொரட்டூர் ஏரியில் வலையைக் கிழிக்கிறது என்று கரையில் வீசிவிட்டுப் போவார்களே, அந்த டேங்க் கிளீனர் மீனுக்கு ஒருவகையில் சொந்தம்.

பிடித்த அன்று மாலையே பிராங்க் வந்த படகு கவிழ்ந்துவிட்டது. அவனும் படகோட்டியும் பிழைக்கவில்லை. கேமராவும் போனும் ஆற்றோடு போயின. மீன்களைப் போட்டு இறுக மூடியிருந்த பிளாஸ்டிக் டப்பா மட்டும் மிதந்து கரை ஒதுங்கியது.

ஜெகதீஷ் அவனோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். மீதி வேலையை அவன்தான் செய்தான். எழுதியவர்களில் முதல் பெயராக பிராங்க்கின் பெயரைப் போட்டிருப்பதாகவும், இறந்தவர் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு சின்ன சிலுவைக் குறி வரும் என்றும் சொன்னான்.

"சிலுவை போடறாங்களா? நல்லவங்கதான்," என்றாள் ஜெயகுமாரி, வெங்காயத்தைப் பார்த்தபடி.

முள்ளை எண்ணி, தலையை அளந்து எல்லாம் எழுதியாகிவிட்டது. ஆல்கஹாலில் நிறம் என்ற பத்திகூட முடிந்துவிட்டது. ஆல்கஹாலில் கிடந்தால் எந்த மீனும் வெளுத்துத்தான் போகும். அதற்கு மேலே வர வேண்டிய பத்திதான் காலி.

உயிருடன் இருக்கையில் நிறம்.

"திரும்பப் போய்த் தேடினோம் அண்ணி. ஒண்ணுகூடக் கிடைக்கல. அதை உயிரோட பாத்தவங்க இப்ப நீங்க ஒருத்தர்தான். அன்னிக்கு அண்ணன் வீடியோ கால்ல காட்டினார்னு சொன்னீங்களே."

சொன்னது உண்மைதான். செய்தி வந்த நாளில், கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னாள். கரையில் உட்கார்ந்து ஒரு மீனைக் காட்டிக்கொண்டிருந்தார் என்று. அப்போதும் அழவில்லை. அதன் பிறகும் அழுகை வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிக்குப் போகிறாள், வருகிறாள். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்கிறாள்.

இப்போதும் சொன்னாள்.

"தவிட்டு நிறம். மேல் பக்கம் வெயில்ல கருத்த மாதிரி இருந்துச்சு. கீழ வர வர வெளுப்பு."

அந்தப் பக்கம் தட்டெழுதும் சத்தம் கேட்டது.

"கண்ணைச் சுத்தி?"

"கண்ணுக்குக் கீழ மட்டும் கருப்பு."

"மீசை?"

"கருப்பு. ஓரத்துல ஒண்ணு ரெண்டு வெள்ளை."

"வயிறு? வால்?"

ரெனிதா யோசித்தாள். "அது தெரியலை ஜெகதீஷ்."

"பரவால்ல. தலைப் பக்கம் நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க. வேற ஏதாச்சும்?"

"தாடைல இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. சின்னதா. தழும்பு மாதிரி."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

ஜெகதீஷ் நன்றி சொல்லிவிட்டு வைத்தான். ரெனிதா துப்பட்டாவை எடுத்து விரித்தாள்.

"ரெனிதா," என்றாள் ஜெயகுமாரி. "அந்தக் கோடு, நாலாங்கிளாஸ் படிக்கசொல்ல ஸ்கூல் கேட்ல மோதிகினு வந்தான். நான்தான் தூக்கிகினு போயி தையல் போட்டுகினு வந்தேன்."

ரெனிதா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள்.

"மீனை நான் பாக்கவே இல்ல அத்தை. அவர் காட்டிக்கிட்டேதான் இருந்தாரு. நான் அவர் முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஜெயகுமாரி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

போன் அதிர்ந்தது. அவள் சொன்னதை ஜெகதீஷ் ஆங்கிலத்தில் ஒரு பத்தியாக எழுதி அனுப்பியிருந்தான். சரியா அண்ணி, சரின்னா இன்னிக்கே பத்திரிகைக்கு அனுப்பிடுவேன் என்று கீழே கேட்டிருந்தான்.

என்ன பதில் எழுத வேண்டும் என்று ரெனிதாவுக்குத் தெரியும். நான் மீனைப் பார்க்கவில்லை. ஒரு வரி போதும். அவன் அந்தப் பத்தியை எடுத்துவிடுவான். பாதி எழுதியும் விட்டாள்.

"இன்னா எழுதிகீறான்? தமிழ்ல சொல்லு."

ரெனிதா படித்தாள். ஆபீஸ் மெயிலைப் படிக்கிற குரலில், ஒவ்வொரு வரியாகத் தமிழில் மாற்றிச் சொன்னாள். ஜெயகுமாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"தழும்பையும் போட்டுகீறானா?"

"போட்டிருக்கார்."

"மீனுக்குன்னா இவ்ளோ பாத்து பாத்து எழுதறாங்க."

ரெனிதா பாதி எழுதியதை அழித்தாள். 'சரி' என்று மட்டும் எழுதி அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்து நீலமானது.

"இன்னொரு வாட்டி படி," என்றாள் ஜெயகுமாரி.

ரெனிதா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மீசை வரை வந்தாள். அதற்கு மேல் குரல் வரவில்லை.