அக்கரை நூல்

ஆற்றின் இந்தக் கரையில் ஒரு மரத்தில் ஓர் அணில் இருந்தது. அக்கரைப் புளியமரத்தில் அதன் அக்கா தனியாக இருந்தாள். இரண்டு மரத்துக்கும் நடுவே சிலந்திகள் நூல் கட்டிவிட்டிருந்தன. தினமும் விடிந்ததும் அக்கா மூன்று தரம் இழுப்பாள். நல்லா இருக்கேன் என்று அர்த்தம்.

ஒருநாள் நூல் அறுந்து ஆற்றில் தொங்கியது. சிலந்திகளுக்காகப் புகார் கேட்கும் ஓணானிடம் அணில் ஓடியது.

"அண்ணே, அக்காவுக்கு மேலுக்கு முடியலை. நூலை எப்போ கட்டுவீங்க?"

"பதிஞ்சாச்சு. நாளைக்குச் சரியாயிடும்" என்று ஓணான் தலையை ஆட்டியது.

மறுநாளும் ஆட்டியது. அதற்கு மறுநாளும் ஆட்டியது. அந்தத் தலையாட்டலை நம்பி அணில் தினமும் மனசைத் தேற்றிக்கொண்டு திரும்பும்.

பத்தாம் நாள் காலை ஓணானே தேடி வந்தது. "நேத்தே கட்டியாச்சு. திருப்திதானே?"

அணில் விடிந்ததிலிருந்து நூலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது.

"இன்னும் சரியாகலை அண்ணே. அக்கா இழுக்கவே இல்லை."

ஓணான் நூலைத் தொட்டுப் பார்த்தது. அக்கரை வரைக்கும் விண்ணென்று இருந்தது.

"நூலில்தானே கோளாறு? சொல்லுங்க அண்ணே, நூலில்தானே?"

அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஓணானுக்குத் தலை ஆடவில்லை.