பல்லி சொன்ன டிவி

ஹால் சுவரில் ஒரு பல்லித் தம்பதி குடியிருந்தது. கீழே வீட்டுக்காரர் தணிகாசலம், "நாப்பத்து மூணு இஞ்ச் டிவி போதுமா, எண்பத்தஞ்சே வாங்கிடலாமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஐயோ, நம்ம சுவரே போயிடுமே!" என்று ஆண் பல்லி அலறியது.

கீழே அது 'ச்சு ச்சு' என்றுதான் கேட்டது. தணிகாசலம் விரலால் தரையைத் தட்டி, "பல்லியே சொல்லிடுச்சு, எண்பத்தஞ்சுதான்!" என்றார்.

டிவி வந்து சுவரை அடைத்தது. கிட்டே உட்கார்ந்தால் கண் கூசியதால் சோபா அடுப்படிக்குப் போனது. பல்லிகள் டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒண்டின.

"இனிமே வாயைத் திறந்து பாருங்க, தெரியும் சேதி!" என்றது பெண் பல்லி.

"இந்த டிவிக்குப் பெரிய வீடுதான் வாங்கணும்," என்று மனைவி அலுத்துக்கொண்டாள். அந்நேரம் டிவிக்குள் ஒரு முழநீளப் பல்லி 'ச்சு ச்சு' என்றது. தணிகாசலம் பக்தியோடு தரையைத் தட்டினார்.

"சத்தியமா நான் இல்லடி!" என்று ஆண் பல்லி கத்தியது.

தணிகாசலம் இன்னொரு தடவை தட்டினார்.