சத்து மாத்திரை

“விட்டமின் மாத்திரையை நிப்பாட்டச் சொன்னனான் எல்லே? பிறகு ஏன் குடிக்கிறீங்கள்?” என்று கேட்டார் டொக்டர் நிரூபா.

“தொடவே இல்லீங்க டொக்டர்” என்றாள் கோகிலவாணி. புற்றுநோய் மருந்தால் அவளுக்கு வாயெல்லாம் புண். தேயிலைக் கொழுந்து பறித்த கைகளில் தோல் உரிந்துகொண்டிருந்தது.

“மருந்தைக் குறைச்சும் புண் ஆறேல்லை. அந்த மாத்திரையில இருக்கிற போலிக் அசிட் இரத்தத்தில அளவுக்கு மேல இருக்கு. அது இந்த மருந்தோட சேர்ந்தால் உடம்பு தாங்காது. நீங்கள் பொய் சொன்னால் நான் எப்பிடிக் காப்பாத்துறது?”

“எம்புள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்க!” கோகிலவாணிக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரைப் போத்தலை வீசிவிடச் சொல்லி அவள் அன்றைக்கே கணவனிடம் கொடுத்திருந்தாள். “நீங்களாவது சொல்லுங்களேன்” என்று அவன் பக்கம் திரும்பினாள்.

யோகராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

“நீ மெலிஞ்சுக்கிட்டே போன. மனசு கேக்கல. தெனமும் பொடியாக்கி ஒன் தேத்தண்ணியில கலந்து குடுத்தேன்.”

தான் எழும்பும் முன்னே தேத்தண்ணி ஊற்றி வைக்கிற புருஷன் என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க அவள் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள்.

“அதக்கூட மன்னிச்சிருவேன்” என்றாள். “அந்தம்மா என்னயப் பொய்க்காரின்னப்ப பக்கத்திலதானே ஒக்காந்திருந்தீங்க?”

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எறங்குங்க. இத நீங்களே டொக்டர்கிட்ட சொல்லணும்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ் புறப்படும் முன் அவள் தனியாக இறங்கி, ஆஸ்பத்திரியை நோக்கித் திரும்பி நடந்தாள்.